பன்னீர்ச் செம்பின் தலை

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் ஒரு பொம்மை என் மேல் பன்னீர் தெளித்தது. பட்டுச்சேலை கட்டிய பொம்மை. கைகூப்பி நிற்கிறது. ஆள் நெருங்கினால் இடுப்பை வளைத்து, விரல் நுனியிலிருந்து புஸ்ஸென்று பீச்சுகிறது. என் மூக்குக் கண்ணாடி முழுக்க ஈரம். துடைத்துப் போட்டுக்கொண்டு சற்று நேரம் நின்று பார்த்தேன். எனக்குப் பின்னால் வந்தவருக்கும் அதே அளவு, அதே இடத்தில். மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கும் அதுதான், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவருக்கும் அதுதான். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு காலத்தில் அந்தப் பொம்மையின் வேலையில் நான் இருந்தவள்.

நம் வயதுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பந்தல் வாசலில் ஒரு மேஜை. மேஜை மேல் சந்தனக் கிண்ணம், கற்கண்டுத் தட்டு, பன்னீர்ச் செம்பு. பின்னால் பட்டுப்பாவாடை கட்டிய ஒரு பெண். யார் மேல் எவ்வளவு விழ வேண்டும் என்பது முழுக்க அவள் அதிகாரம். பிடித்த சித்தப்பாவுக்கு இரண்டு வீச்சு. கன்னத்தைக் கிள்ளும் மாமாவுக்குக் கண்ணைப் பார்த்து ஒரு வீச்சு. அந்த அதிகாரத்தை ருசிக்காமல் வளர்ந்தவர் யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், உங்களை நினைத்து எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

எங்கள் செம்பு வெள்ளிச் செம்பு. குண்டான வயிறு, மேலே போகப் போக ஒடுங்கும் நீளக் கழுத்து, கழுத்தின் உச்சியில் திருகி மாட்டுகிற ஒரு தலை. தலை என்றால் பெருநெல்லிக்காயைவிடச் சற்றுப் பெரிய குமிழ். சுற்றிலும் தாமரை இதழ் கொத்தியிருக்கும், இதழ்களுக்கு நடுவில் பொடிப்பொடியாகத் துளைகள். அரண்மனையிலிருந்து எங்கள் முப்பாட்டனாருக்கு வந்தது என்று பெரியப்பா சொல்வார். முப்பாட்டனாருக்கு அரண்மனையில் என்ன உத்தியோகம் என்று கேட்டால் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

அது ஒரு வீட்டுச் சொத்து அல்ல, பங்காளிகள் எல்லாருக்கும் பொது. பொங்கலுக்குப் பொங்கல் வீடு மாறும். எந்த வீட்டில் இருந்தாலும் கல்யாணத்துக்கு மட்டும்தான் படி தாண்டும், வேறு எதற்கும் வெளியே போகாது. இந்தச் சட்டத்தையெல்லாம் காப்பாற்றுகிறவர் ஆலங்குடியில் தென்னந்தோப்பு வைத்திருந்த பெரியப்பா. செம்பு இருக்கிற வீட்டுக்கு எப்போது வந்தாலும் செருப்பைக் கழற்றியதும் முதலில் செம்பைப் பார்ப்பார், அப்புறம்தான் மனிதர்களை.

நான் சொல்லும் வருஷம் செம்பு புதுக்கோட்டையில் எங்கள் வீட்டில் இருந்தது. ராஜா ஆட்சி போய், ஊர் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. அந்த வைகாசியில் எங்கள் வீட்டில் கல்யாணம். அப்பாவின் தங்கை, என் அத்தை, மணப்பெண்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாவாடை கட்டிய வயதிலிருந்து எங்கள் வகையறாவில் நடந்த அத்தனை கல்யாணத்திலும் அந்த மேஜைக்குப் பின்னால் நின்றவள் அத்தைதான். ஜாதகம் பொருந்தாமல் பொருந்தாமல் அவளுக்குத் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அவளைவிடச் சின்னவர்களுக்கெல்லாம் ஆகிவிட்டது. அத்தனை பேர் கல்யாணத்துக்கும் அத்தை தாவணியில் நின்று தெளித்தாள், அப்புறம் சேலையில் நின்று தெளித்தாள். அவள் வீசினால் பூந்தூறல் மாதிரி விழும், ஒருவர் சட்டையும் கறைபடாது. பின்னால் நின்று தெளிக்கிறவள் மேல் யாரும் தெளிப்பதில்லை, அதை யாரும் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை.

"எங் கல்யாணத்துக்கு வர்ற ஒருத்தரும் காஞ்ச தலையோட உள்ள போகக் கூடாது, பாத்துக்க. எல்லாருக்கும் நம்ம சொம்புல இருந்துதான்" என்று என்னிடம் சொன்னாள். மணப்பெண் வாசலில் நிற்க முடியாதே, அதனால் அந்த உத்தியோகம் எனக்கு வந்திருந்தது. நான் வெறும் தண்ணீரை நிரப்பிக்கொண்டு கொல்லையில் கோழிகள் மேல் வீசிப் பழகினேன். கோழிகளுக்குப் பிடிக்கவில்லை.

கல்யாணத்துக்குச் சில வாரம் இருக்கும்போது அத்தை செம்பைத் துலக்க உட்கார்ந்தாள். புளி, அப்புறம் பூந்திக்கொட்டை நுரை, கடைசியில் திருநீறு. தலையைத் திருகிக் கழற்றிக் கழுவிக் கிணற்றுச் சுவர்மேல் காய வைத்தாள். அம்மா வாளியை இழுத்தாள். கயிறு பக்கவாட்டில் ஆடி, தலையை மெதுவாக ஒரு தட்டுத் தட்டியது. உள்ளேயிருந்து 'ப்ளக்' என்று கேட்டது. பெரிய சத்தம் இல்லை. அத்தை திருநீற்றுக் கையோடு எட்டிப் பார்த்தாள். கீழே வட்டமாக வானமும் அதில் அவள் முகமும் தெரிந்தன.

"பெரியண்ணனுக்குத் தெரிஞ்சா" என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. பிறகு வேறொன்று சொன்னாள். "ஊர்ல எல்லாத்துக்கும் நான் தெளிச்சேன் மதினி. எனக்குன்னு வர்றப்ப அதுக்குத் தலையில்ல."

அம்மா எதிர்வீட்டிலிருந்து பாதாளக் கரண்டி வாங்கி வந்தாள். கொக்கி கொக்கியாகத் தொங்குமே, கிணற்றில் விழுந்த பாத்திரம் எடுப்பது. அதை இரவல் வாங்கினால் பதிலுக்கு ஒரு பாத்திரத்தை அந்த வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும், இல்லையென்றால் விழுந்த பொருள் அகப்படாது என்பார்கள். அம்மா ஒரு பித்தளைக் குடத்தை வைத்துவிட்டு, "தவலை விழுந்துருச்சு" என்று ஒரு பொய்யையும் வைத்துவிட்டு வந்தாள்.

அன்று மதியம் போல ஒரு மதியம் எனக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை. கரண்டியை விட்டு இழுக்க இழுக்க எங்கள் வீட்டின் பழைய கதையெல்லாம் சேறும் பாசியுமாக மேலே வந்தது. அடியில்லாத ஒரு வாளி. நான் பிறப்பதற்கு முன் தொலைந்த ஒரு இரும்புக் கரண்டி. அத்தை சின்ன வயதில் அழுது தேடிய செப்புக்குடம், விளையாட்டுச் சாமான். அவள் அதைக் கழுவி முந்தானையில் முடிந்துகொண்டு, அழுதுகொண்டே சிரித்தாள். கடைசியாக விளிம்பில் பூ வெட்டிய ஒரு பித்தளை டம்ளர் வந்தது. அம்மா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த டம்ளரை என் பெரியம்மா ஆலங்குடிக்குத் தூக்கிப் போய்விட்டதாக நம்பி, அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அடுக்களையை நோட்டம் விட்டு வந்தவள் அம்மா. டம்ளரைத் தேய்த்து அலமாரியில் மற்றவற்றுக்குப் பின்னால் வைத்தாள். அதற்கடுத்த முறை பெரியம்மா வந்தபோது காப்பியில் சர்க்கரை அதிகமாக இருந்தது.

வெள்ளித் தலை மட்டும் வரவில்லை. உருண்டைக் குமிழில் கொக்கி எங்கே மாட்டும்?

அப்பா சாயங்காலம் வந்தார். அவர் பத்திர ஆபீஸில் கிளார்க்கு. நாள் முழுக்க நிலம் விற்கிறவர், வாங்குகிறவர் எல்லாருடைய கட்டைவிரலையும் பிடித்து மையில் உருட்டிக் காகிதத்தில் உருட்டுவதுதான் வேலை. கதையைக் கேட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றாமல் அப்படியே நின்றார்.

"புதுசா ஒரு தல செஞ்சு மாட்டிருவோம். அண்ணனுக்கு மூச்சு விடக் கூடாது" என்றார்.

"சொம்பத் தூக்கிட்டு ஆசாரி கடைக்குப் போனா அடுத்த பஸ்ல ஆலங்குடிக்குச் சேதி போயிருமே" என்றாள் அம்மா. ஆசாரியை வீட்டுக்கு வரச்சொல்லவும் வழியில்லை. கல்யாண வீட்டுக்குள் ஆசாரி நுழைந்தால், செலவுக்கு வெள்ளியை உருக்குகிறார்கள் என்று தெரு பேசும்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நம் அப்பாக்களின் முகத்தில் அப்படி வெளிச்சம் வந்தால் வீட்டில் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம், இல்லையா? உள்ளே போய் அவருடைய மைப்பெட்டியை எடுத்து வந்தார். செம்பைப் படுக்கவைத்து, கழுத்து உச்சியில் திருகு மரை இருந்த இடத்தை, ஒரு கிழவரின் கட்டைவிரலைப் பிடிக்கும் அதே பக்குவத்தோடு பிடித்து, மையில் ஒரு உருட்டு, வெள்ளைக் காகிதத்தில் ஒரு உருட்டு. சாய்வான கோடுகள் வரிசையாக, பிசிறில்லாமல் விழுந்தன. கழுத்தின் சுற்றளவுக்கு ஒரு நூலையும் அளந்து வெட்டிக் காகிதத்தில் ஒட்டினார்.

"சொம்போட கைநாட்டு" என்றார் பெருமையாக. "கையெழுத்த மாத்திப் போடலாம். கைநாட்டு பொய் சொல்லாது."

அத்தை சிரித்துவிட்டாள். தலை விழுந்ததிலிருந்து அவள் அழாமல் சிரித்தது அப்போதுதான், அதனால் எங்கள் எல்லாருக்கும் அந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஆசாரி ஊரை ஒட்டிய திருக்கோகர்ணத்தில் இருந்தார். நகை ஆசாரி என்று சொன்னால் கோபித்துக்கொள்வார், தன்னைச் சிற்பி என்றுதான் சொல்லிக்கொள்வார். வாய் நிறைய வெற்றிலை, நாக்கு முழுக்க வீம்பு. அவருடைய பட்டறை தெருவைப் பார்த்துத் திறந்திருந்ததால், அப்பா ஒரு ஏற்பாடு செய்தார். பட்டறைக்குப் போகும்போதெல்லாம் என்னையும் கூட்டிப் போவது. யாராவது எட்டிப் பார்த்தால், "பாப்பாவுக்குக் கொலுசு" என்று சொல்வது. தெருவில் தலை தெரிந்ததும் நான் காலை நீட்ட வேண்டும், ஆசாரி என் கணுக்காலை அளக்க வேண்டும். நானும் அப்படித்தான் நீட்டினேன். என் கால் அந்த மாதம் அளக்கப்பட்டது போல உலகத்தில் வேறு எந்தக் காலும் அளக்கப்பட்டிருக்காது. தெருவில் என் கொலுசுதான் பேச்சு.

ஆசாரி காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

"என்ன கிளார்க்கய்யா, மரை எதிர்ப்பாடா ஓடுது. ஒலகத்துல எல்லாத் திருகும் ஒரு பக்கம் ஓடுனா இது மறுபக்கம்ல ஓடுது."

"அரண்மன வேல ஆசாரி. நம்ம மாதிரியா இருக்கும்?"

"அதுவுஞ் சரிதான்" என்றார் ஆசாரி, வெற்றிலையைத் துப்பிவிட்டு. "வேற யாராச்சும்னா தப்புன்னு சொல்லி, வழக்கமான மரையப் போட்டுக் குடுத்துருவான். நான் பாத்தத பாத்தபடி செய்யிற ஆளு."

அம்மாவின் தேய்ந்துபோன மெட்டிகளும் உடைந்த ஒரு குங்குமச் சிமிழும் உமியோட்டில் உருகின. உமி புகையும் வாசனையும், வெண்காரம் பொரியும் சத்தமும், ஊதுகுழலில் ஆசாரியின் கன்னம் உப்பி உப்பி அடங்குவதும் எனக்கு அலுக்கவே இல்லை. உருகிய வெள்ளி முதலில் அழுக்காக இருக்கும். திடீரென்று ஒரு நொடியில் தோல் உரிந்த மாதிரி பளிச்சென்று திரும்பும். அதைக் கட்டியாக்கி, தட்டித் தட்டித் தகடாக்கி, மரக்கட்டையில் தோண்டிய குழியில் வைத்து மெல்ல மெல்ல அடித்தால் தகடு கிண்ணமாகக் குழிந்துகொண்டே வரும். குழிந்ததை உருக்கிய அரக்கால் நிரப்பி ஆற வைத்தார். உள்ளே அரக்கு தாங்கிக்கொள்ள, மேலே சிற்றுளியால் தாமரை இதழ்களைக் கொத்தினார். ஒவ்வொரு இதழுக்கும் நடுவில் ஊசி முனை உளியால் ஒரு தட்டு. அரக்கைச் சூடு காட்டி வடித்துவிட்டு வெயிலுக்கு நேரே பிடித்தால், ஆசாரியின் வேட்டியில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழுந்தது. எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது, தட்டினேன். ஆசாரி ரொம்ப சந்தோஷப்பட்டார்.

மரை போடுவதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. வெள்ளிக் கம்பியை இழுத்து மெல்லிசாக்கி, இரண்டு கம்பியை ஒட்டினாற்போல் வைத்து, நூல் அளவுக்குச் சரியான ஒரு இரும்புக் குச்சியில் சேர்த்துச் சுற்ற வேண்டும். பிறகு ஒரு கம்பியை உருவிவிட்டால் மற்றது சீரான இடைவெளியோடு நிற்கும். அந்தச் சுருளைத் தலையின் வாய்க்குள் வைத்துப் பற்றுப்பொடி போட்டு ஊதி ஒட்டவைத்துவிட்டால் மரை தயார். ஆனால் அவர் கை வழக்கமான பக்கமே ஓடியது. காகிதத்தைப் பார்ப்பார், சுற்றுவார், பாதியில் கை பழைய வழிக்குப் போய்விடும். பிரிப்பார். நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி சுற்றுவார். முடித்ததும் நெற்றி வியர்வையைத் துடைத்து, "இந்த மரைய இந்த ஜில்லாவுல எவனும் போட மாட்டான்" என்றார். அது உண்மைதான்.

இதற்கிடையில் பெரியப்பா ஒரு நாள் தேங்காய் மூட்டையோடு வந்தார். செருப்பைக் கழற்றினார். நிமிர்ந்தார். செம்பின் கழுத்திலிருந்து உச்சிவரை மஞ்சள் துணி சுற்றிக் கட்டியிருந்தது. உள்ளே தலை இருக்க வேண்டிய இடத்தில் அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்திருந்தாள்.

"இது என்ன?"

"கண்ணு பட்டுறக் கூடாதுன்னு கட்டி வச்சிருக்கோம் மாமா. முகூர்த்தத்தன்னிக்குத்தான் அவுக்கணும்" என்றாள் அம்மா, தரையைப் பார்த்து.

பெரியப்பா கிட்டே போய் எலுமிச்சை வாசனையை முகர்ந்தார், கைகூப்பிக் கும்பிட்டார். "நல்ல பழக்கம்தான்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்தார். அத்தை கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் தலை வந்தது. அப்பா சட்டைப் பைக்குள்ளிருந்து எடுத்து, வாழை இலைத்துண்டைப் பிரித்து, கூடத்தில் வைத்தார். அவ்வளவு அழகு. பழையதைவிட இதழ்கள் கூர்மை. அத்தை அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். அப்பா செம்பில் பொருத்தித் திருகினார். ஏறவில்லை. மறுபடி. ஏறவில்லை. தேங்காயெண்ணெய் போட்டார். அம்மா முயன்றாள். நானும் முயன்றேன். மேலேயே வழுக்கிச் சுற்றியதே தவிர, மரையில் பிடிக்கவில்லை.

"இங்கிட்டு குடுங்க" என்று அத்தை வாங்கினாள். ஒரு முறை திருகிப் பார்த்தாள், தலையைக் கவிழ்த்து உள்ளே எட்டிப் பார்த்தாள். "அண்ணே, சொம்பு இங்கிட்டுத் திருகணும். இந்தத் தல அங்கிட்டுத் திரும்புது."

"எப்புடிச் சொல்ற?"

"எப்புடின்னா? இத்தன வருசமா நாந்தான திருகுறேன்."

அப்பா அவளையே பார்த்தார். "இத மொதல்லயே சொல்லக் கூடாதாத்தா?"

"கேட்டீகளாண்ணே?"

ஒரு மாதமாகக் காகிதத்தையும் நூலையும் வைத்துக்கொண்டு அரண்மனை வேலை என்று இரண்டு ஆண்பிள்ளைகள் ஆராய்ந்தார்கள். அந்தத் தலையை ஆயிரம் தடவை திருகிய கை அதே வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தது. அவளை ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். அன்று சின்னப் பிள்ளையாக இருந்ததால் நான் தப்பித்தேன்.

கைநாட்டு எப்படிப் பொய் சொன்னது என்பது அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. நான் பெரியவளாகிப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்தபோது ஒரு நாள் டி.சி.யில் ரப்பர் ஸ்டாம்பு குத்திக்கொண்டிருந்தேன். ஸ்டாம்பில் எழுத்தெல்லாம் இடம் வலம் மாறி இருக்கிறது, காகிதத்தில் நேராக விழுகிறது. அப்படியானால் செம்பின் மரை நேராக இருந்தது, காகிதத்தில்தான் மாறி விழுந்திருக்கிறது! நான் வாய்விட்டுச் சிரித்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த பெற்றோர் தங்கள் பையனின் மார்க்கைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்து எழுந்து போய்விட்டார்கள். வாழ்நாள் முழுக்க ஸ்டாம்பும் கைநாட்டுமாக இருந்த அப்பாவுக்குச் சொல்லலாமென்றால், அவர் அப்போது இல்லை. கோபித்துக்கொள்ள மாட்டார், ஆனால் நம்பியிருக்கவும் மாட்டார்.

அன்று நேரமில்லை. அப்பா செம்பைச் சாப்பாட்டுத் தூக்குப்பைக்குள் போட்டுத் திருக்கோகர்ணத்துக்கு ஓடினார், கொலுசுக் காலோடு நானும் ஓடினேன். பட்டறையில் பெரிய சண்டை. "நீங்க குடுத்த காயிதம்" என்றார் ஆசாரி. "நீங்க போட்ட மரை" என்றார் அப்பா. யார் எட்டிப் பார்த்தாலும் இருவரும் சட்டென்று என் காலைப் பிடித்துக்கொள்வார்கள். கடைசியில் ஆசாரி, கண்கலங்கி, ஜில்லாவில் எவனும் போட முடியாத அந்த மரையைத் தன் கையாலேயே அரம் போட்டுச் சுத்தமாக எடுத்துவிட்டார். வழுவழுப்பான தலை கழுத்தில் தொப்பி மாதிரி இறங்கியது. பிடிப்புக்கு நூலில் தேன்மெழுகு தடவிச் சுற்றி, அதன்மேல் தலையை அழுத்தினார். "ஒரு முகூர்த்தத்துக்கு நிக்கும்" என்றார்.

மறுநாள் வெயில் ஏழு மணிக்கே ஏறிவிட்டது. வாழை மரம் கட்டிய பந்தல் வாசலில் நான் நின்றேன். பச்சைப் பட்டுப்பாவாடை, கையில் செம்பு, மூக்கில் பன்னீரும் சந்தனமும் சேர்ந்த வாசனை. நாதஸ்வரக்காரர் எனக்காகவே வாசிக்கிறார் என்று நினைத்தேன். முதலில் பயந்து பயந்து, அப்புறம் தாராளமாகத் தெளித்தேன். அன்னவாசல் மாமா, மாப்பிள்ளை வீட்டார், அப்பாவின் ஆபீஸ்காரர்கள் ஒருவரும் காய்ந்த தலையோடு உள்ளே போகவில்லை. ஜன்னல் வழியே அத்தை நெற்றிச்சுட்டியோடு எட்டிப் பார்த்துத் தலையசைத்தாள்.

ஆலங்குடிக் கூட்டம் வந்தது. முன்னால் பெரியப்பா, விசிறிமடிப்பு அங்கவஸ்திரத்தோடு. வீட்டுக்கு மூத்தவர், அவருக்குக் குறைவாகத் தெளிக்கலாமா? கையை நன்றாகப் பின்னால் கொண்டுபோய் முழு வலுவோடு ஒரு வீச்சு வீசினேன்.

தலை பறந்தது. பறந்துபோய்ச் சந்தனக் கிண்ணத்தில் 'சொத்' என்று உட்கார்ந்தது. செம்பிலிருந்த பன்னீர் முழுவதும் பெரியப்பாவின் நெற்றியில் இறங்கி, மீசையில் தயங்கி, அங்கவஸ்திரத்தில் ஓடியது. நாதஸ்வரம் பாதியில் நின்றது. தவில்காரர் மட்டும் கவனிக்காமல் இன்னும் இரண்டு அடி அடித்தார்.

நான் அழ வாயெடுத்தேன். அதற்குள் உள்ளேயிருந்து வளையல் சத்தம். மணப்பெண் வாசலுக்கு வரக்கூடாது, அத்தை வந்துவிட்டாள், மாலை வாசனையோடு, வேர்த்து விறுவிறுத்து.

"புள்ளைய ஒண்ணுஞ் சொல்லாதீங்க பெரியண்ணே. பழைய தல எங்கிட்டத்தான் தொலைஞ்சது. கெணத்துல விழுந்துருச்சு. இது புதுசு" என்றாள். மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியப்பா முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. சந்தனத்திலிருந்து தலையை எடுத்தார். செம்பின் கழுத்தில் ஒட்டியிருந்த நூலைச் சுரண்டி முகர்ந்து பார்த்தார்.

"கெணத்துலயா விழுந்துச்சு?"

"ஆமாண்ணே."

"அப்ப நம்ம கெணத்துக்குள்ளதான கெடக்கு. வேற எங்கயும் போயிரலயே." பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார். "அதுக்கு எலுமிச்சங்காயக் கட்டிவச்சு என்னையக் கும்பிட விட்டீகளாக்கும். மெழுகு வைகாசி வெயிலுக்கு நிக்குமாடா?"

பந்தலில் கட்டியிருந்த வாழை மரத்தில் ஒரு பட்டையைக் கிழித்தார். நாரை உரித்து, தன் அங்கவஸ்திரத்திலிருந்து சொட்டிய பன்னீரிலேயே நனைத்தார். தோப்பில் தென்னம்பாளையை இறுக்கிக் கட்டுகிற கை அது. ஈர நாரைக் கழுத்தில் நெருக்கமாகச் சுற்றி, தலையை அதன்மேல் திருகி அழுத்தினார். இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. அம்மா ஓடிப்போய்ப் பன்னீர் பாட்டிலைக் கொண்டுவந்து துளை வழியே ஊற்றப் பார்க்க, "அடச்சீ, மறுபடி கழட்டச் சொல்றியா" என்று கேட்டுவிட்டுத் தானே கழற்றி, ஊற்றி, மறுபடி சுற்றினார். அதில்தான் எல்லாரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். செம்பை என் கையில் கொடுத்து, "மொதல்ல பொண்ணுக்குத் தெளி" என்றார்.

அந்த நாரை நாங்கள் விடவே இல்லை. ஆசாரி சரியான மரையோடு வேறு தலை செய்து தருவதாக மானப்பிரச்சினையாக வந்து நின்றார், அத்தை வேண்டாம் என்றுவிட்டாள். என் கொலுசைப் பற்றித் தெரு முழுக்க விசாரித்ததால், அப்பா வேறு வழியில்லாமல் அவரிடமே நிஜக் கொலுசு செய்யச் சொன்னார். அளவு மட்டும் கச்சிதமாக இருந்தது. இன்றுவரை எங்கள் வகையறாக் கல்யாணங்களில் வீட்டுக்கு மூத்தவர் வாழைநாரை நனைத்துச் சுற்றித் தலையை மாட்டுகிறார், முதல் பன்னீர் மணப்பெண்ணுக்கு. போன வருஷம் ஒரு கல்யாணத்தில் வீடியோக்காரர் கேட்டதற்கு, என் தம்பி மகன், "இது அரண்மனைக் காலத்துல இருந்து வர்ற சம்பிரதாயம்" என்று விளக்கினான். முப்பாட்டனாரின் உத்தியோகம் என்ன என்று வீடியோக்காரர் கேட்டார். பையன் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று பந்தல் வாசலில் நான் தெளித்ததைச் சொல்லவில்லையே. தலை மறுபடி பறந்துவிடுமோ என்று மெதுவாகத்தான் வீசினேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நெற்றிச்சுட்டி மேல், இமை மேல், கழுத்து மாலை மேல் பொடிப்பொடியாக விழுந்தது. அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. நாதஸ்வரம் மறுபடி ஆரம்பித்துவிட்டது, முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று யாரோ கூப்பிட்டார்கள். அத்தை நகரவில்லை. இமை மேலிருந்த ஈரத்தைத் துடைக்காமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"இம்புட்டுக் குளுகுளுன்னு இருக்குமா இது? எனக்குத் தெரியவே தெரியாது புள்ள. இன்னொருக்கத் தெளி."